பொம்மைக் குதிரைவீரரும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

பொம்மை சிறுவர்க்கே உரியது என்பது பொதுவான எண்ணம். தலை நரைத்த ஒருவர், விரல் உயரமே உள்ள குதிரைவீரனைக் கையில் எடுத்து, அவன் தலையை அறுத்து வேறு தலை பொருத்தி, குதிரைக்குப் போர்வையும் செய்து போர்த்துகிறார் என்றால், கேட்போர் புன்னகை புரிவது இயல்பே. என்னிடம் இத்தகைய வீரர்கள் அறுபதுக்கு மேல் உள்ளனர். இடைக்கால ஐரோப்பாவில் ‘நைட்’ என்று அழைக்கப்பட்ட கவசக் குதிரைவீரர்களின் உருவங்கள் அவை. வாங்கியபடியே இருப்பவை சில. என் மேசையில் உருமாறியவை பல.

அறிவியல் மாணவர்க்குச் செய்முறைக் கூடம் உண்டு. வரலாற்று மாணவர்க்கு நூலகம் மட்டுமே உண்டு என்பர். பொம்மை வீரனை மாற்றியமைக்கும் கலை வரலாற்று மாணவனுக்கும் ஒரு செய்முறைப் பாடம் ஆகும் என்பதே என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மை வீரனின் பிறப்பு வளர்ப்பு

நைட்டுகள் வாழ்ந்த காலத்திலேயே அவர்களின் பொம்மைகளும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அல்சேஸ் பகுதியின் ஹோகன்பர்க் மடத்துத் தலைவி ஹெராட் உருவாக்கிய ‘ஹோர்ட்டஸ் டெலிசியாரம்’ என்னும் ஏட்டில், கயிற்றை இழுத்து இரு வீரப் பொம்மைகளை மோதவிடும் காட்சி வரையப்பட்டிருந்தது. மூல ஏடு 1870-இல் ஸ்ட்ராஸ்பர்க் முற்றுகையின்போது தீக்கிரையாயிற்று. முன்பே எடுத்த படிகளால் அக்காட்சியை நாம் அறிகிறோம். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் (1459–1519) இளமையில் ஈட்டிப்போர்ப் பொம்மைகளைக் கொண்டு விளையாடியதை ஹான்ஸ் பர்க்மையர் மரச்செதுக்குப் படமாக்கியுள்ளார்.

பொம்மை வீரர் ஏழை வீட்டுக்கும் வந்தது தொழில் வளர்ச்சியால். 1893-இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற இளையவர் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கண்டார். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் நடுவிலுள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவதே அம்முறை. ஈயம் மிச்சமாயிற்று, எடை குறைந்தது, விலையும் தாழ்ந்தது. அந்நிறுவனத்தின் நிற்கும் வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர். இன்றும் சேகரிப்பாளர் பலர் கைக்கொள்ளும் அளவு இதுவே.

1954-இல் அந்நிறுவனம் ‘அஜின்கோர்ட் நைட்டுகள்’ என்னும் வரிசையை வெளியிட்டது. அவற்றைச் செதுக்கியவர் ராய் செல்வின்-ஸ்மித். அவரே 1950-களின் இறுதியில் ‘ஸ்வாப்பெட்’ எனும் பிளாஸ்டிக் வீரர்களையும் வடிவமைத்தார். தலையைக் கழற்றலாம், இடுப்பைத் திருப்பலாம், வாளை உறையிலிருந்து உருவலாம், ஒருவனுடைய தலைக்கவசத்தை மற்றொருவனுக்கு அணிவிக்கலாம். மாற்றியமைக்கும் ஆசையைச் சிறுவர் உள்ளத்தில் விதைத்தவை இவை எனலாம். 1974-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெக் வடிவமைத்த ‘பிளேமொபில்’ பொம்மைகள் வெளிவந்தபோது, முதல் மூன்று வகைகளுள் ஒன்று நைட்டு வீரர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

சான்று முதலில், கத்தி பின்னர்

மாற்றியமைத்தல் என்றால் என்ன? ஒரு பொம்மையின் தலை, கை, படைக்கலம், குதிரை, வண்ணம் ஆகியவற்றுள் சிலவற்றையோ அனைத்தையுமோ மாற்றி, அதனை வேறொரு வீரனாக ஆக்குவதாகும். மனம் போனபடி மாற்றினால் அது அலங்காரம். ‘இன்னார், இந்த ஆண்டில், இவ்வாறு தோன்றினார்’ என்று சொல்லும்படி மாற்றினால் அது வரலாறு. கத்தி வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வினா எழுகிறது. அவ்வினாவுக்குச் சான்று காட்டாமல் மேற்செல்ல இயலாது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எர்னம் என்னும் ஊரின் தலைவர் சர் ஜெப்ரி லட்ரெல் (1276–1345). அவருக்காக ஏறத்தாழ 1325-க்கும் 1340-க்கும் இடையே எழுதப்பட்ட சங்கீத ஏடு ‘லட்ரெல் சால்ட்டர்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதில் அவர் முழுக் கவசத்துடன் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மனைவி ஆக்னெஸ் தலைக்கவசத்தை எடுத்துத் தருகிறார். மருமகள் பியட்ரிஸ் கேடயத்துடன் நிற்கிறார். நீல நிறத்தில் குறுக்காகச் செல்லும் ஒரு வெள்ளிப் பட்டை, அதன் இருபுறமும் கால்களில்லாத ஆறு வெள்ளிப் பறவைகள்: இதுவே லட்ரெல் குடும்பத்தின் குலச்சின்னம். கேடயத்தில் மட்டுமன்று, வீரனின் தோள்பலகை, ஈட்டிக் கொடி, சேணம், குதிரையின் போர்வை எங்கும் அதுவே திகழ்கிறது.

பெயர் தெரியாத மலிவான பிளாஸ்டிக் வீரன் ஒருவனை இந்த லட்ரெலாக மாற்ற முனைந்தேன். அவன் அணிந்திருந்தது பதினைந்தாம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம். லட்ரெலின் காலமோ வளையக் கவசத்துக்கும் தகட்டுக் கவசத்துக்கும் இடைப்பட்ட காலம். ஆகவே மார்பின் மீதிருந்த தகட்டுக் கோடுகளை அரத்தால் தேய்த்துவிட்டு, அதன்மேல் துணிமேலங்கியைப் பிசின் களிமண்ணால் உருவாக்க வேண்டியதாயிற்று. கைகளில் ஊசிமுனையால் வளைய வடிவங்களைக் குத்தினேன். தோள்பலகைகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிப் பொருத்தினேன். ஓர் இரவு வேலையில், நூறாண்டுக் கவச வளர்ச்சியைப் பின்னோக்கி நடந்து கற்றேன்.

சான்றைப் போற்றுவதோடு அதனை ஐயுறவும் வேண்டும். இவ்வோவியத்தின் மேலுள்ள இலத்தீன் வரி, தம்மை இவ்வாறு வரையச் செய்தவர் லட்ரெலே என்று அறிவிக்கிறது. எனவே இது அவர் போருக்குச் சென்ற நாளின் படமன்று. தம்மை உலகம் எவ்வாறு காணவேண்டும் என்று அவர் விரும்பினாரோ அவ்வாறு அமைந்த படம். இதனை உணர்ந்தவன், அவரைக் குருதியும் சேறும் படிந்த வீரனாகச் செய்யமாட்டான், விழாக்கோலத்திலேயே நிறுத்துவான்.

திரைப்படம் கற்பித்த பிழைகளையும் களைய வேண்டும். 1944-இல் வந்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படத்தில் கவசம் பூண்ட வீரனைப் பாரந்தூக்கியால் தூக்கிக் குதிரைமேல் அமர்த்துவர். உண்மையில் போர்க்களத் தகட்டுக் கவசத்தின் எடை 20 முதல் 25 கிலோ வரையே. அது உடல் முழுதும் பரவியிருந்ததால், பயின்ற வீரன் தானே குதிரையேற முடிந்தது. ஆகவே விறைத்த மரக்கட்டை போல் வீரனை அமர்த்துவது பொருந்தாது.

குதிரை என்னும் பாதி

சேகரிப்போர் பலர் வீரன்மேல் காட்டும் கவனத்தைக் குதிரைமேல் காட்டுவதில்லை. குதிரையின்றி நைட்டு ஏது? குதிரையில் நோக்க வேண்டியவை மூன்று: உயரம், நடை, நிறம்.

முதலாவது உயரம். நைட்டின் குதிரை யானையன்ன பேருருவம் உடையது என்பது பலர் நம்பிக்கை. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் 171 தொல்லிடங்களில் கிடைத்த ஏறத்தாழ 2,000 குதிரை எலும்புகளை அளந்து, இடைக்காலக் குதிரைகளுள் பெரும்பாலானவை 58 அங்குலத்துக்கும் குறைந்த உயரமே உடையன என்று அது காட்டியது. இன்றைய கணக்கில் அவை மட்டக்குதிரைகள்! குதிரையின் உயரத்தைத் தலையிலிருந்து அளப்பதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை அளப்பர்.

இதனைப் பொம்மைக் கணக்கில் காண்போம். 173 சென்டிமீட்டர் மனிதன் 54 மில்லிமீட்டர் ஆகிறான் எனில், அளவு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 58 அங்குலம் என்பது ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். அதனை 32-ஆல் வகுத்தால் 46 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அளவுகோலை எடுத்து உங்கள் பொம்மைக் குதிரையின் முதுகு மேட்டை அளந்து பாருங்கள். 55-க்கு மேல் இருந்தால், அது வண்டியிழுக்கும் பெருங்குதிரையின் அளவு. அஜின்கோர்ட் களத்துக்கு உரியதன்று. நான் பெரும்பாலும் அமெரிக்க மாட்டுக்காரப் பொம்மைகளின் சிறிய குதிரைகளையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றின் சேணத்தைச் செதுக்கி நீக்கி, முன்னும் பின்னும் உயர்ந்த போர்ச்சேணத்தைக் களிமண்ணால் கட்டுகிறேன். நைட்டு முழங்காலை மடித்து அமர்வதில்லை. அங்கவடியை நீளமாக விட்டு, காலை ஏறத்தாழ நேராக நீட்டி அமர்வான். ஆகவே வீரனின் முழங்காலையும் அறுத்து நிமிர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது நடை. மெதுவாக நடக்கும் குதிரை இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால் என்ற வரிசையில் காலெடுத்து வைக்கும். துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து இயங்கும். நாலுகால் பாய்ச்சலிலோ, நான்கு காலும் தரையைவிட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும். 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் நிழற்படங்களே இதனை உலகுக்கு மெய்ப்பித்தன. அதுவரை ஓவியர்கள் முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னும் நீண்டிருக்க, குதிரை பறப்பதுபோல் வரைந்துவந்தனர். பழைய பொம்மைகள் பலவும் அவ்வாறே பறக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இடைக்கால ஏட்டோவியத்திலும் குதிரை பறக்கிறது. ஏட்டை நம்புவதா, உயிருள்ள குதிரையை நம்புவதா? துணியும் சின்னமும் சேணமும் ஏட்டிலிருந்து. எலும்பும் தசையும் உயிருள்ள குதிரையிலிருந்து என்பது என் விதி. ஓவியன் தன் காலத்து உடையைக் கண்ணால் கண்டு வரைந்தான். பாய்ச்சலின் வேகத்தை அவன் கண் பிடிக்க இயலவில்லை. எந்தச் சான்று எதற்குச் சான்று என்று பிரித்தறிவதே வரலாற்றுப் பயிற்சி.

மூன்றாவது நிறம். செந்நிறத்திலும் இருவகை உண்டு. உடல் செம்பழுப்பாகவும் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி ஆகியன கறுப்பாகவும் இருப்பது ஒருவகை. உடலின் நிறமே பிடரிக்கும் வாலுக்கும் அமைவது மற்றொரு வகை. இரண்டையும் கலந்து தீட்டினால் குதிரை அறிந்தவர் நகைப்பர். வெண்சாம்பல் குதிரை கருமையாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கும். ஆகவே அதன் மூக்கையும் கண்ணோரத்தையும் கருமையாகவே விடவேண்டும்.

கைவேலை

முதலில் பொருளை அறிக. பழைய வீரர்கள் ஈயம். இன்றைய பொம்மைகள் பெரும்பாலும் மெல்லிய வினைல் அல்லது பாலித்தீன். ஒட்டுபொம்மைத் தொகுப்புகள் கெட்டியான பாலிஸ்டைரீன். பாலிஸ்டைரீனுக்கு அதற்குரிய பசை போதும். அது பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இணைத்துவிடும். பாலித்தீனில் எந்தப் பசையும் நன்கு பற்றாது. ஆகவே இருபுறமும் நுண்துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டை ஆணியாகச் செருகிப் பொருத்த வேண்டும். வினைல் காலை வளைக்க, கொதித்து இறக்கிய நீரில் சற்று வைத்து, வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அவ்வடிவம் நிலைக்கும். பாலித்தீன் பழைய வடிவுக்கே திரும்ப முயலும். அதற்கும் கம்பியே துணை.

ஈய வீரனை அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் நஞ்சு. முகமூடி அணிந்து, ஈரமாகவே தேய்த்து, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பால் நன்கு கழுவுதல் வேண்டும். சிறுவரை அருகில் விடலாகாது.

வெட்டிய இடத்தை நிரப்ப, குழாய்க் கசிவை அடைக்கும் ‘எம்-சீல்’ போன்ற இருபொருள் களிமண்ணே போதும். கலந்து சில நிமிடங்களில் விரலில் ஒட்டாத பதம் வரும். அப்போது ஈரக்குச்சியால் மடிப்புகளை வரையலாம். இறுகியபின் உப்புத்தாளால் தேய்க்கலாம்.

குதிரைப் போர்வைக்கு மெல்லிய திசுத்தாள் நன்று. நீர் கலந்த ‘ஃபெவிகாலில்’ தாளை நனைத்து, குதிரைமேல் போர்த்தி, ஓடும் திசைக்கு எதிராக மடிப்பு விழும்படி குச்சியால் ஒதுக்க வேண்டும். ஓரடுக்கு உலர்ந்தபின் மற்றோர் அடுக்கு. இவ்வாறு மூன்று நான்கு அடுக்குகள். நிற்கும் குதிரையின் போர்வை நேராகத் தொங்கும். பாயும் குதிரையின் போர்வை பின்னோக்கிப் பறக்கும். இவ்வளவு எளிய உண்மையைப் பல தொழிற்சாலைகள் மறந்துவிட்டன.

வண்ணம் பூசுமுன் பொம்மையைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப்பசை நீக்குக. வளையக் கவசத்துக்கு முதலில் கறுப்புப் பூசி, உலர்ந்தபின் ஏறத்தாழ வறண்ட தூரிகையில் வெள்ளி வண்ணம் தொட்டு மேலோட்டமாகத் தடவினால், வளையங்களின் மேடுகள் மட்டும் ஒளிரும்.

சின்னம் தீட்டும் முறை

குலச்சின்னத்துக்கு இலக்கணம் உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியன நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வருதல் கூடாது. தொலைவிலிருந்து எளிதில் அடையாளம் காணவே இவ்விதி உதவியது. வெள்ளிமேல் பொற்சிலுவை கொண்ட எருசலேம் அரசின் சின்னம் புகழ்பெற்ற விதிவிலக்கு.

போர்வையில் சின்னம் தீட்டுவோர் திசையை நோக்குக. சிங்கமோ பறவையோ குதிரையின் இரு பக்கங்களிலும் குதிரைத் தலையை நோக்கியே இருத்தல் வேண்டும். இல்லையேல் சிங்கம் போர்க்களத்திலிருந்து பின்வாங்கி ஓடுவதுபோல் தோன்றும்! லட்ரெலின் குறுக்குப் பட்டையும் அவ்வாறே: இரு பக்கங்களிலும் தலைப்பக்க மேல்மூலையிலிருந்து வால்பக்கக் கீழ்மூலைக்கு இறங்க வேண்டும். கேடயத்தைப் பார்த்து இரு பக்கமும் ஒன்றுபோல் எழுதினால் ஒரு பக்கம் தவறாகிவிடும்.

ஆண்டையும் நோக்குக. இங்கிலாந்து மன்னர் 1340 முதல் பிரெஞ்சு அல்லி மலர்களைத் தம் சின்னத்தில் சேர்த்தனர். கிரெசிப் போரின் (1346) காலத்தில் அம்மலர்கள் நீலக் கட்டத்தில் விண்மீன்போல் எங்கும் சிதறியிருந்தன. அஜின்கோர்ட் போரின் (1415) காலத்தில் அவை மூன்றே மலர்களாகச் சுருங்கிவிட்டன. மலர்களை எண்ணினாலே பொம்மை எந்தப் போருக்கு உரியது என்று சொல்லிவிடலாம்.

பொம்மையும் ஒரு சான்றே

இனி, இக்கலையின் கடினமான வினாவுக்கு வருவோம். எந்தப் பொம்மையை அறுக்கலாம்?

1954-ஆம் ஆண்டின் ஈய நைட்டு ஒருவன் என் கையில் உள்ளான் என்று கொள்வோம். அவன் குதிரை சற்றுப் பெரிது. போர்வையின் மடிப்பும் பொருந்தவில்லை. திருத்தினால் 1415-க்கு அவன் நெருங்குவான். ஆயின் 1954 அழிந்துவிடும்! அப்பொம்மையில் இரு வரலாறுகள் உறைகின்றன. ஒன்று, அது காட்ட விரும்பிய காலம். மற்றொன்று, அதனைச் செய்த காலம். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆன இங்கிலாந்து, தன் பழைய வெற்றியை எவ்வளவு பளபளப்பாக நினைத்துக்கொண்டது என்பதற்கு அந்தப் பொம்மையே சான்று. பிரிட்டன் நிறுவனம் 1966-இல் ஈய வார்ப்பை நிறுத்திவிட்டது. முன்பு விற்றவற்றுள் மூல வண்ணத்தோடு எஞ்சியவை நாளுக்கு நாள் குறைகின்றன. ஒன்றைத் திருத்துவதற்காக மற்றொன்றை அழிக்க எனக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் விடை.

ஆகவே நான் கைக்கொள்ளும் விதிகள் மூன்று.

ஒன்று: மூல வண்ணம் கெடாத பழைய வீரன்மேல் கத்தி வைப்பதில்லை. தலையோ காலோ முறிந்து, வண்ணமும் உதிர்ந்தவை, எளிதில் கிடைக்கும் இன்றைய பிளாஸ்டிக் பொம்மைகள் ஆகியவற்றையே மாற்றுவேன்.

இரண்டு: மாற்றுமுன் நிழற்படம் எடுத்து, எதை அறுத்தேன், எதைச் சேர்த்தேன், எந்தச் சான்றைக் கொண்டு சேர்த்தேன் என்று குறிப்பேட்டில் எழுதுவேன். அறுத்தெடுத்த பகுதிகளையும் உறையிலிட்டு வைப்பேன்.

மூன்று: மாற்றிய வீரனின் அடிப்பலகையின் கீழே, மாற்றியமைக்கப்பட்டது என்ற சொல்லையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதுவேன். நான் இல்லாத காலத்தில் அது பிறர் கைக்குச் செல்லும். குறிப்பு இல்லையேல், என் கைவேலையை அரிய மூலப்பொருள் என்று நம்பி ஒருவர் பெரும்பொருள் தந்து ஏமாறலாம். அதனினும் கேடாக, ஓர் ஆய்வாளர் அதனைச் சான்றாகக் கொண்டு பொய்யை எழுதலாம். கல்வெட்டைத் திருத்தியவனுக்கும் குறிப்பின்றிப் பொம்மையை மாற்றியவனுக்கும் அளவில்தான் வேறுபாடு, குற்றத்தில் இல்லை.

காக்கும் முறையும் அறிக. ஈய வீரரைப் புதிய மரப்பெட்டியில், அதிலும் ஓக் மரப்பெட்டியில், அடைத்து வைக்கலாகாது. மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும். கண்ணாடியும் உலோகமும் கொண்ட அலமாரியே ஏற்றது. பழைய பிளாஸ்டிக் வீரர் வெயிலிலும் வெப்பத்திலும் நொறுங்கும் தன்மை அடைவர். அவர்களை நிழலில் வைத்தல் நலம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நைட்டு வீரனைத்தான் தேடவேண்டும் என்பதில்லை. உங்களுக்கு விருப்பமான எந்தக் காலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மலிவான பொம்மை, ஒரு கத்தி, சிறிது களிமண், நல்லதொரு படநூல் ஆகியன போதும். கையால் ஒரு கேடயத்தைச் செய்யத் தொடங்கிய கணமே, அதன் அகலம் என்ன, பிடி எங்கே, எக்கையில் ஏந்தினர் என்ற வினாக்கள் வரிசையாக வந்து நிற்கும். படிக்கும்போது நாம் தாண்டிச் செல்லும் வரிகளைச் செய்யும்போது தாண்ட இயலாது.

மாற்றுமுன் சான்று, மாற்றியபின் குறிப்பு. பொம்மைக்கு உரிய இவ்விரு விதிகளும் வரலாறு எழுதும் கைக்கும் உரியனவே.